ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் எதன் அளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்கினால் நெல்லைப் பக்கத்தில் மோட்டார் ரூம்களின் பூட்டு திறக்கும், பவர் டில்லரும் டிராக்டரும் கொட்டகையை விட்டு வெளியே வரும். கூடவே பட்டறைகளுக்கு ஒரு தனி வகை வேலையும் வந்து சேரும்: மூலை மழுங்கிய நட்டு, மரை போன போல்ட்டு, தலை முறிந்து உள்ளேயே நின்றுபோன துண்டு. எல்லோரும் துருவின் மேல் பழியைப் போடுகிறார்கள். துருப்பிடித்த நட்டுகூட சரியான ஸ்பேனருக்குப் பெரும்பாலும் கழன்றுவிடும். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனர்தான் அதை உருட்டிவிடுகிறது.

ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் எல்லா ஸ்பேனரிலும் ஒரே சங்கதியைச் சொல்வதில்லை. நம் வட்டாரத்தில் மூன்று முறைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சில தோட்டங்களில் ஒரே கிணற்றடியிலேயே மூன்றும் இருக்கும். எந்த முறை என்று தெரியாமல் "13 பிடிக்கலையா, 14 போட்டுப் பாரு" என்பதில்தான் கெடுதல் தொடங்குகிறது.

கடையிலிருந்தே ஆரம்பிக்கலாம். "அண்ணாச்சி, மூணு நூல் போல்ட்டு நாலு குடுங்க" என்று கேட்டால் கிடைப்பது தண்டின் குறுக்களவு 3/8 இஞ்ச் உள்ள போல்ட்டு. இஞ்சுக்கு 8 நூல். ஆகவே 2 நூல் என்றால் கால் இஞ்ச், இரண்டரை நூல் 5/16, 4 நூல் அரை இஞ்ச். இது முழுக்கத் தண்டின் கணக்கு. எந்த ஸ்பேனர் பிடிக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதே கடையில் "10 எம்எம் போல்ட்டு" என்று ஒருவர் கேட்டால் அவர் சொல்வது தண்டா, தலையா என்று கடைக்காரருக்கும் தெரியாது. தண்டு 10 என்றால் அது எம் 10 (எம் என்றால் மெட்ரிக், அடுத்த எண் தண்டின் குறுக்களவு மில்லிமீட்டரில்). தலை 10 என்றால் அது எம் 6. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கேட்கப்படுகின்றன, இரண்டும் ஒரே வாக்கியத்தில் கொடுக்கப்படுகின்றன. வீட்டுக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

மெட்ரிக் ஸ்பேனரில் எண் என்பது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரம், மில்லிமீட்டரில். எம் 6-க்கு 10, எம் 8-க்கு 13, எம் 16-க்கு 24, எம் 20-க்கு 30, எம் 24-க்கு 36. இதுவரை தகராறு இல்லை. தகராறு எம் 10, எம் 12, எம் 14 மூன்றிலும். பழைய ஜெர்மன் வழித் தரத்தில் இவற்றின் தலை 17, 19, 22. பின்னர் வந்த சர்வதேசத் தரம் இவற்றை 16, 18, 21 என்று குறைத்தது. நம் கடைகளில் இரண்டு வகையும் ஒரே டப்பாவில் கிடக்கும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகள், நாற்று நடும் இயந்திரங்கள், அறுவடை இயந்திரங்களில் தலை இன்னும் சிறியது: எம் 8-க்கு 12, எம் 10-க்கு 14, எம் 12-க்கு 17. ஆக, 17 ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டு எம் 10 ஆகவும் இருக்கலாம், எம் 12 ஆகவும் இருக்கலாம். தலையை அளந்து கடைக்குச் சொல்லி அனுப்பினால் தப்பான போல்ட்டு வருவது இதனால்தான். பழைய போல்ட்டையே கையில் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்தது, மெக்கானிக்குகள் ஏ.எஃப். என்று சொல்லும் இஞ்ச் ஸ்பேனர். இதிலும் எண் பக்கத்துக்குப் பக்கம் உள்ள தூரம்தான், இஞ்சில். கால் இஞ்ச் போல்ட்டுக்கு 7/16 ஸ்பேனர், 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16, 1/2-க்கு 3/4, 5/8-க்கு 15/16. மாசி ஃபெர்குசன் வழி வந்த பழைய டிராக்டர்களில் இந்த வகை நிறைய. பெட்டியில் இஞ்ச் செட் இல்லாதவர்கள் மில்லிமீட்டர் ஸ்பேனரையே போட்டுப் பார்க்கிறார்கள். சில இடங்களில் அது நிஜமாகவே பொருந்தும். 3/4 என்பது 19.05 மி.மீ., 19 ஸ்பேனர் தாராளமாகப் போகும். 7/16 என்பது 11.11, 11 ஸ்பேனர் பெரும்பாலும் ஏறிவிடும். 5/8 என்பது 15.88, அதற்கு 16. 15/16 என்பது 23.81, அதற்கு 24. இவை போதுமான பொருத்தம். 1/2 தான் ஆபத்து. அது 12.7. 13 ஸ்பேனர் சுலபமாக ஏறும், கை திருப்தியாகும், ஆனால் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கிறது. புது நட்டு தாங்கும். பத்து வருஷம் வயலில் நின்ற நட்டு தாங்காது. 9/16 என்பது 14.29. 14 ஏறாது, 15 தொளதொளக்கும். அங்கே இஞ்ச் ஸ்பேனரைத் தவிர வழியில்லை.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? நட்டு எப்போதும் எழுதிய அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவும், ஸ்பேனர் வாய் கொஞ்சம் கூடுதலாகவும்தான் செய்யப்படும். இல்லாவிட்டால் ஒன்றில் ஒன்று நுழையாது. தரத்தின்படியே 13 நட்டு 12.73 வரை, 16 நட்டு 15.73 வரை குறையலாம். அந்தச் சலுகைக்கு மேல் நாமும் இடைவெளி சேர்த்தால், ஸ்பேனர் பக்கத்தை விட்டு மூலையை மட்டும் பிடிக்கும். இரண்டு முனையும் திறந்த வாயாக இருக்கும் டபுள் எண்ட் ஸ்பேனரில் மொத்த விசையும் இரண்டே மூலைகளில் இறங்கும். 13.34 மி.மீ. நட்டில் 14 ஸ்பேனரைப் போட்டால், விசை இறங்குவதற்கு முன் அது 5 டிகிரிக்கு மேல் சும்மா ஆடும். அந்த ஆட்டம் கைக்குத் தெரியும். தெரிந்த உடனே நிறுத்தியிருந்தால் நட்டு பிழைத்திருக்கும்.

13.34 என்ற விநோத அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அது மூன்றாவது முறை, விட்வொர்த். இதில்தான் அதிகக் குழப்பம்.

ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841-ல் போல்ட்டு மரைக்கு ஒரே அளவு முறையை முன்வைத்தார். நம் சுலோச்சன முதலியார் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாலம் 1843-ல் முடிந்தது. அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி மரை வெட்டியது. பல பட்டறைகளின் போல்ட்டுகளை வாங்கிப் பார்த்து, மரையின் கோணம் 55 டிகிரி, இஞ்சுக்கு இத்தனை மரை என்று அவர் வகுத்தார்: 1/4-க்கு 20, 5/16-க்கு 18, 3/8-க்கு 16, 1/2-க்கு 12, 5/8-க்கு 11. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது தண்டின் அளவு. "1/4 டபிள்யூ" என்ற ஸ்பேனரின் வாய் கால் இஞ்ச் அல்ல. கால் இஞ்ச் விட்வொர்த் போல்ட்டின் தலைக்குச் சேருகிற வாய், அதாவது 0.525 இஞ்ச், 13.34 மி.மீ. 5/16 டபிள்யூ என்றால் 15.24 மி.மீ.; 3/8 டபிள்யூ 18.03, 7/16 டபிள்யூ 20.83, 1/2 டபிள்யூ 23.37, 5/8 டபிள்யூ 27.94. ஒரே "1/2" என்ற எண் ஏ.எஃப். ஸ்பேனரில் 12.7 மி.மீ. வாய், விட்வொர்த் ஸ்பேனரில் 23.37 மி.மீ. வாய். பழைய இரும்புக் கடையில் எடைக்கு ஸ்பேனர் வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் இங்கேதான்.

பிறகு நெருக்க மரை கொண்ட பி.எஸ்.எஃப். வந்தது. அதன் தலை அதே தண்டு அளவுள்ள விட்வொர்த் தலையைவிட ஒரு படி சின்னது. அதனால் ஒரே ஸ்பேனரில் இரண்டு எண் இருக்கும்: "3/8 டபிள்யூ, 7/16 பி.எஸ்." பி.எஸ். என்பது பி.எஸ்.எஃப். அளவு. இரண்டும் ஒரே வாய்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரும்பை மிச்சம் பிடிக்க விட்வொர்த் தலைகளையும் அந்தச் சின்ன அளவுக்கே இறக்கினார்கள். ஆகவே போருக்கு முந்தைய 3/8 விட்வொர்த் போல்ட்டுக்கு 18.03 வாய் வேண்டும், பிந்தையதற்கு 15.24 போதும். மரை ஒன்றே, தண்டு ஒன்றே, ஸ்பேனர் மட்டும் வேறு.

இதெல்லாம் மியூசியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பாபநாசம் அடிவாரத்தில் 1885-ல் பஞ்சாலை தொடங்கிய நாளிலிருந்து பிரிட்டிஷ் இயந்திரங்கள் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தன. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகும் பழைய இயந்திரம் பழைய மரையோடுதான் ஓடியது. மெதுவாக ஓடும் பழைய ஆயில் இன்ஜின், பழைய லேத், பழைய புல்லட் மூன்றிலும் இன்றைக்கும் விட்வொர்த் வகை நட்டு கிடக்கிறது. போதாததற்கு, இடையில் யாரோ ஒருவர் மெட்ரிக் போல்ட்டைப் போட்டு ஓட்டியிருப்பார். ஒரே ஹெட்டில் நாலு ஸ்டட் விட்வொர்த், இரண்டு மெட்ரிக் என்று இருப்பதுண்டு.

விட்வொர்த் ஸ்பேனர் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. கையில் உள்ள மில்லிமீட்டர் செட்டில் எது சேரும் என்பது உபயோகமான சேதி. 3/8 டபிள்யூ நட்டுக்கு 18, 7/16 டபிள்யூவுக்கு 21, 5/8 டபிள்யூவுக்கு 28 ஆகியவை நல்ல பொருத்தம். 1/4, 5/16, 1/2 மூன்றுக்கும் சேருகிற மில்லிமீட்டர் ஸ்பேனர் கிடையாது. 14, 16, 24 ஆகியவை ஏறும், ஆனால் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் தொளதொளக்கும். லேசாக இறுக்கிய நட்டுக்கு அது ஓடலாம். சிலிண்டர் ஹெட்டுக்கு அதை நம்பக்கூடாது. அடிக்கடி அந்த வேலை வருகிற பட்டறையில் 13 ஸ்பேனரின் வாயை அரம் போட்டு 13.4-க்குத் திறந்து, பெயின்ட் அடையாளம் வைத்துத் தனியாகத் தொங்கவிடுவது நல்ல ஏற்பாடு.

ஸ்பேனர் பொருந்துவதைவிடப் பெரிய ஆபத்து மரை பொருந்துவதுபோல் ஏமாற்றுவது. 3/8 போல்ட்டில் எம் 10 நட்டு ஏறும். தண்டு 9.53, நட்டு 10 மி.மீ. தண்டுக்கு வெட்டியது, மரைக்கு மரை தூரம் 3/8-ல் 1.59 மி.மீ., எம் 10-ல் 1.5. வித்தியாசம் அவ்வளவு குறைவாக இருப்பதால் கையாலேயே கடைசிவரை சுற்றிவிடலாம். மரைகள் நுனியில் மட்டும்தான் கவ்வியிருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது கொஞ்சம் பிடித்ததுபோல் தெரியும், பிறகு வழுக்கும். அல்லது இறுகியபடியே இருந்து, மோட்டார் அதிர்வில் ஒரு நாள் மொத்தமாக உருவிக்கொண்டு வரும். பம்பு பெடஸ்டலில் இது நடந்தால் கப்ளிங் போகும். ரோட்டவேட்டர் பிளேடில் நடந்தால் பக்கத்தில் நிற்கிறவர் காலுக்குக் கேடு. எம் 12 போல்ட்டை அரை இஞ்ச் நட்டில் போடுவதும் கூடாது.

எம் 8-ம் 5/16-ம் எதிர்மாதிரி. தண்டு 8 மி.மீ., 7.94 மி.மீ.; வெர்னியரால்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் மரைத் தூரம் 1.25, 1.41 என்று விலகி நிற்கிறது. இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போய் அங்கே கடிக்கும். "துரு இருக்கும், ஸ்பேனர் போடு" என்று திருகினால் இரண்டு மரையும் நாசம். கையால் ஐந்து சுற்று போகாத புது நட்டுக்கு ஸ்பேனர் போடவே கூடாது.

அடையாளம் காண மரை கேஜ் இருந்தால் ஒரு நொடி வேலை. இல்லாவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் போதும். போல்ட்டை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஸ்கேலின் இஞ்ச் பக்கத்தில் வைத்து ஓர் இஞ்சுக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 3/8-ல் சரியாக 16 வரும். எம் 10 என்றால் இஞ்சில் முழு எண்ணாக அமையாது; மில்லிமீட்டர் பக்கத்தில் 15 மி.மீ.க்குச் சரியாக 10 மரை வரும். எம் 8-க்கு 25 மி.மீ.க்கு 20. எம் 12-க்கு 35 மி.மீ.க்கு 20. எந்தப் பக்கத்தில் கணக்கு பிசிறில்லாமல் விழுகிறதோ அந்த முறை. போல்ட்டு குட்டையாக இருந்தால் அதே அளவுள்ள தெரிந்த போல்ட்டை எதிரில் வைத்து மரையோடு மரை கோத்து, வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் இனம் வேறு. தலையில் வலுவைக் குறிக்கும் 8.8, 10.9 போன்ற எண் இருந்தால் மெட்ரிக். மூன்று அல்லது ஆறு கோடுகள் ஆரம்போல விரிந்திருந்தால் அமெரிக்க இஞ்ச் வகை.

இந்த அமெரிக்க வகைக்கும் விட்வொர்த்துக்கும் இடையே ஒரு வம்பு உண்டு. அரை இஞ்சைத் தவிர, கால் முதல் முக்கால் வரையுள்ள முக்கிய அளவுகளில் இஞ்சுக்கு மரை எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. கோணம்தான் 60, 55 என்று வேறு. நட்டு மாறி ஏறிவிடும். அவசரத்துக்குத் தாங்கவும் தாங்கும். ஆனால் 3/8 போல்ட்டில் தலை 14.29-க்கும் 18.03-க்கும் ஆக வேறு வேறு ஸ்பேனர் கேட்கும். அரை இஞ்சில் விட்வொர்த் 12, அமெரிக்க வகை 13. அங்கே மாற்றவே கூடாது.

கழற்றும் முறை பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புக்காற்றில் நின்ற நட்டுக்கு முதல் நாள் மாலையே துரு எண்ணெய் விட்டு, சுத்தியலால் நட்டின் பக்கங்களில் லேசாகத் தட்டிவையுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு கழற்றுங்கள். துருவின் ஒட்டு அப்போதுதான் விடும். முதல் அசைவுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முனை சாக்கெட். பன்னிரண்டு முனை ரிங் நல்ல நட்டுக்குச் சரி, தேய்ந்த நட்டுக்கு ஆறு முனைதான். டபுள் எண்ட் ஸ்பேனர் நட்டு இளகிய பிறகு ஓட்டிக் கழற்ற மட்டும். ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டே ஆக வேண்டும் என்றால் விசை அசையாத தாடையில் விழும்படி திருப்புங்கள். அசையும் தாடையில் விழுந்தால் வாய் விரிந்து நட்டை உருட்டும். மழுங்கிப்போன 13 நட்டுக்கு 1/2 இஞ்ச் ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிக் கழற்றலாம். அந்த நட்டைத் திரும்பப் பூட்டக்கூடாது, குப்பைக்குப் போகட்டும்.

ஸ்பேனருக்குப் பைப் மாட்டி நீளம் கூட்டுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விடவேண்டும். 10 ஸ்பேனர் குட்டையாகவும் 24 ஸ்பேனர் நீளமாகவும் இருப்பது, கை பலத்தை அந்தந்த போல்ட்டின் தாங்குதிறனோடு நிறுத்தத்தான். 8.8 வகை எம் 6 போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், எம் 8-க்கு 25, எம் 10-க்கு ஏறக்குறைய 49. பைப் மாட்டினால் எம் 6 தலை துண்டாக வரும், உள்ளே நின்ற மிச்சத்தை எடுக்கத் துளையிட வேண்டிவரும்.

பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கத்துக் காற்றாலை வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அதிவலுக் கட்டுமான போல்ட்டுகளின் தலை சாதாரண போல்ட்டைவிடப் பெரிது. எம் 16-க்கு 24 அல்ல, 27. எம் 24-க்கு 36 அல்ல, 41. ஊர்ப் பட்டறைக் கணக்கில் சாக்கெட் எடுத்துப்போனால் மேலே ஏறிய பிறகுதான் தெரியும். அங்கே இறுக்குவது முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு கணக்கில்தான், கைக்கணக்கில் அல்ல.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சிமார்களிடம் ஒரு கோரிக்கை. இஞ்ச் போல்ட்டையும் மில்லிமீட்டர் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். 3/8-ம் எம் 10-ம் ஒரே தட்டில் கிடக்கவே கூடாது. டப்பாவின் மேல் தண்டு அளவு, மரைத் தூரம், ஸ்பேனர் அளவு மூன்றையும் எழுதிவையுங்கள். எம் 10, எம் 12 டப்பாவில் தலை 16-ஆ 17-ஆ, 18-ஆ 19-ஆ என்பதும் இருக்கட்டும். விற்கும்போது நட்டைப் போல்ட்டில் கடைசிவரை கையால் ஓட்டிக் காட்டிக் கொடுத்தால் திரும்பி வருகிற சரக்கு குறையும். பேட்டையிலும் மற்ற ஊர்களிலும் உள்ள ஐடிஐகளில் பிட்டர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மெட்ரிக் மட்டும் போதும் என்று விடாமல், விட்வொர்த் நட்டு ஒன்றையும் ஏ.எஃப். நட்டு ஒன்றையும் மாணவர் கையில் கொடுத்து அளக்கச் சொல்ல வேண்டும். நாளை அவர்கள் வேலைக்குப் போகிற கிணற்றடியில் அதுதான் இருக்கும்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் மேலே சொன்ன அளவுகளை ஓர் அட்டவணையாக, வெட்டி ஒட்டும் அளவில் வெளியிட்டால் மோட்டார் ரூம் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்க உதவும். இஞ்ச், விட்வொர்த் இரண்டுக்கும் நேர் எதிரில் மில்லிமீட்டரும் இருக்கட்டும். பொருந்தாத 9/16 ஏ.எஃப்., 1/4, 5/16, 1/2 டபிள்யூ ஆகிய நான்கையும் சிவப்பு மையில் போடுங்கள்.

இப்படிக்கு,
பம்புசெட் மற்றும் டிராக்டர் பழுதுபார்ப்போர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.